மலை தேயத் தேயச் சிகரம் வளரும்

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நண்பகலுக்குச் சில நிமிடம் முன்பு, நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில் பூமிக்கடியில் பாறை வழுக்கத் தொடங்கியது. ஒரு நிமிடம் போல நீடித்த அந்த வழுக்கல் காத்மாண்டுவின் அடியில் புகுந்து, கிழக்கே 150 கிலோமீட்டர் வரை ஓடித்தான் ஓய்ந்தது. 7.8 அளவுள்ள நிலநடுக்கம். ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். இடிபாடுகளை அகற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே செயற்கைக்கோள் ரேடார் படங்கள் வந்து சேர்ந்தன. காத்மாண்டுப் பள்ளத்தாக்கு சுமார் 1 மீட்டர் உயர்ந்திருந்தது. ஒன்றரை மீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்தும் இருந்தது. ஆனால் அதற்கு வடக்கே, லாங்டாங் பக்கத்துப் பனிமலைகள் அரை மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தன.

நிலநடுக்கம்தான் இமயமலையைத் தூக்குகிறது என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசித் தகவல் இடிக்கும். பள்ளத்தாக்கு ஏறுகிறது, சிகரம் இறங்குகிறது. அப்படியானால் இமயம் எப்படி உயர்ந்தது?

முதலில் தள்ளுகிற கையைப் பார்த்துவிடலாம். இந்தியப் புவித்தட்டு ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர் அளவில் ஆசியாவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதில் பாதியளவு, அதாவது ஏறத்தாழ 2 சென்டிமீட்டர், இமயத்தின் அடியில் செலவாகிறது; மிச்சம் திபெத்தைக் கிழக்கே பிதுக்குவதிலும், அதற்கு அப்பால் தியான்ஷான் போன்ற மலைகளை மடிப்பதிலும் போகிறது. இமயத்துக்குக் கீழே வடக்கு நோக்கிச் சரிவாக இறங்கும் ஒரு பெரிய பிளவு இருக்கிறது. அதன் வழியாகத்தான் இந்தியா ஆசியாவுக்கு அடியில் நுழைகிறது. பிளவின் ஆழமான, சூடான பகுதி ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். தென்பகுதி மட்டும் நூறு, இருநூறு ஆண்டுகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலமெல்லாம் தள்ளலைத் தாங்குவது வடக்கே உள்ள உயர்ந்த மலைகள்தான். அவை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் ஏறுகின்றன. பிடி விடும் நாளில் தெற்குப் பக்கம் ஒரே குதியாக முன்னால் பாய்ந்து மேலே ஏறுகிறது, அழுத்தம் விட்டுப்போன வடக்குப் பக்கம் தொய்கிறது. 2015-ல் ரேடார் பார்த்தது இந்தத் தொய்வைத்தான். ஏறியதில் பெரும்பகுதி இப்படித் திரும்பிப் போய்விடும். போகாமல் தங்குகிற சிறு மிச்சம் லட்சக்கணக்கான ஆண்டுகளில் மலையாகச் சேர்கிறது.

மோதல் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மோதலுக்கு முன் இந்தியா இன்றைய வேகத்தைப்போல் நான்கு மடங்கு வரை விரைவாக வந்தது. இடையில் இருந்த டெத்திஸ் கடல் மூடியது. அதன் அடிச்சேறு மடிந்து மேலேறியது. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிப் பாறை கடலடிச் சுண்ணாம்புக்கல். 45 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலில் வாழ்ந்த டிரைலோபைட், கடல் அல்லி முதலியவற்றின் துணுக்குகள் அதில் இருக்கின்றன. உச்சிக்குக் கீழே மலையைச் சுற்றி ஓடும் மஞ்சள் பட்டையும் அதே கடலின் படிவுதான், வெப்பத்தில் பளிங்காகிப்போனது. தெற்கு வழியாக ஏறுகிறவர்கள் மூன்றாம் முகாமைத் தாண்டியதும் பனிக்கான இரும்பு முள் காலணியோடு இந்தப் பளிங்கைக் கீறிக்கொண்டுதான் போகவேண்டும்.

இவ்வளவு தூரம் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை இதற்குப் பிறகு: இமயம் இந்த உயரத்தை எப்போது எட்டியது? பழைய சங்கதியா, நேற்றைய சங்கதியா?

1936-ல் லக்னோ பல்கலைக்கழகத் தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மனிதன் தோன்றிய பிறகும் இமயம் உயர்ந்திருக்கிறது என்பது அவர் வாதம். கையில் இருந்த சான்று காஷ்மீரின் கரேவா மண். பாம்பூரில் குங்குமப்பூ விளைகிற தட்டையான மேட்டு நிலங்கள்தாம் கரேவா. பீர் பஞ்சால் மலைத்தொடர் எழுந்து நீரோட்டத்தை மறித்தபோது உருவான பேரேரியின் அடியில் படிந்த வண்டலும் களிமண்ணும் அவை. ஜீலம் ஆறு பாராமுல்லா வழியாக வாய் திறந்துகொண்டதும் ஏரி வடிந்தது. ஏரிச் சேறு கிடைமட்டமாகத்தான் படியும். ஆனால் பீர் பஞ்சாலின் சரிவுகளில் அதே சேற்று அடுக்குகள் சாய்ந்து, பள்ளத்தாக்கின் தரையிலிருந்து பல நூறு மீட்டர் உயரத்தில் கிடக்கின்றன. ஏரி மலையேறாது. ஆகவே மலைதான் ஏரியைத் தூக்கிப்போயிருக்க வேண்டும்.

பீர் பஞ்சாலைப் பொறுத்தவரை சாஹ்னி சொன்னது நின்றுவிட்டது. ஆனால் ஒரு தொடருக்குப் பொருந்துவதை இமயம் முழுமைக்கும் நீட்ட முடியவில்லை. தெற்குத் திபெத்தின் நாம்லிங் என்ற இடத்தில் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இலைப் படிவங்கள் கிடைத்தன. இலையின் வடிவம் அது வளர்ந்த இடத்தின் குளிரையும் ஈரத்தையும் காட்டும். அதை வைத்துக் கணக்கிட்டு, அந்த இடம் அப்போதே ஏறக்குறைய இன்றைய உயரத்தில், 4,600 மீட்டரை ஒட்டி இருந்தது என்று 2003-ல் ஸ்பைசர் குழுவினர் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மனிதன் வருவதற்கு வெகு முன்பே அந்த வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று என்று அர்த்தம்.

ஆனாலும் ஒரு சங்கடம் தீரவில்லை. இமயம் மட்டுமல்ல, ஆல்ப்ஸ், ஆண்டிஸ், நியூசிலாந்தின் தென் ஆல்ப்ஸ், அமெரிக்காவின் ராக்கி என எங்கே பார்த்தாலும் கடைசிச் சில பத்து லட்சம் ஆண்டுகளில் மலைகள் திடீரென்று எழுந்ததுபோன்ற அடையாளங்கள். பள்ளத்தாக்குகள் ஆழமாகின்றன, அடிவாரங்களில் கூழாங்கல் படிவுகள் தடிமனாகின்றன. ஒன்றோடொன்று தொடர்பில்லாத புவித்தட்டுகளின் ஓரங்களில் இருக்கும் மலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழ என்ன காரணம் இருக்க முடியும்?

1990-ல் நிலவியலாளர்கள் பீட்டர் மோல்னாரும் பிலிப் இங்லண்டும் இந்தக் கேள்வியைத் தலைகீழாகப் புரட்டினார்கள். கோழி முந்தியா, முட்டை முந்தியா என்பதைத் தலைப்பிலேயே வைத்த கட்டுரை அது. மலைகள் எழுந்ததால் பருவநிலை மாறவில்லை. பருவநிலை மாறியதால் மலைகள் எழுந்ததுபோல் தெரிகின்றன என்றார்கள். பனியூழிக் காலம் வந்தது, பனியாறுகள் வளர்ந்தன, வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்தன, அரிப்பு கூடியது. அரிப்பு கூடினால் சிகரம் உயரும்.

கடைசி வாக்கியத்தில் நம் புத்தி சண்டித்தனம் செய்யும். அது விளங்க, பரங்கிமலை வரை போய்வர வேண்டும்.

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நில அளவை அங்கே தொடங்கியது. (1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய அரை டன் தியோடலைட் கோணமானி மோதி நசுங்கியதும், மனிதர் கூடாரத்தில் அடைந்துகிடந்து அதைத் தானே தட்டிச் சீராக்கியதும் தனிக்கதை.) அளவை வடக்கே போனது, லாம்ப்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதைக் கங்கைச் சமவெளிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பிசகு தலைகாட்டியது. கல்யாண்பூர், கல்யாணா என்ற இரண்டு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். நிலத்தில் முக்கோணங்களால் அளந்தால் ஒரு விடை. நட்சத்திரங்களைப் பார்த்து அளந்தால் வேறு விடை. வித்தியாசம் 5.236 விகலை. ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்குதான் விகலை. தரையில் அது மொத்தம் 160 மீட்டர் அளவுக்கு வரும். 600 கிலோமீட்டரில் 160 மீட்டர் என்றால் நம்மில் பலர் விட்டுவிடுவோம். அவர்கள் விடவில்லை.

நட்சத்திரத்தை அளக்கச் செங்குத்துக் கோடு வேண்டும். செங்குத்தைக் காட்டுவது தூக்குக்குண்டு. பக்கத்தில் இமயம்போல் ஒரு பெரும்பாரம் இருந்தால் அதன் ஈர்ப்பு குண்டைத் தன் பக்கம் இழுக்கும். கல்யாணா இமயத்துக்கு அருகில் இருக்கிறது. ஆகவே அங்கே குண்டு கூடுதலாகச் சாய்ந்திருக்கும். கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த கணிதவியலாளர் ஜான் பிராட் உட்கார்ந்து இமயத்தின் எடையைக் கூட்டிப் பார்த்தார். அவர் கணக்குப்படி வித்தியாசம் 15.885 விகலை வந்திருக்க வேண்டும். வந்ததோ மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய மலை, குண்டை இழுக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை!

1855-ல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி இதற்கு விளக்கம் தந்தார். மலைக்கு அடியில் வேர் இருக்கிறது. புவியின் மேலோடு எடை குறைந்த பாறை. அதற்குக் கீழே உள்ள பாறை எடை கூடியது. மேலோடு அதன் மேல் மிதக்கிறது. எங்கே மலை உயர்ந்திருக்கிறதோ அங்கே மேலோடு கீழேயும் ஆழமாக இறங்கி, கனமான பாறையின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே கூடிய ஈர்ப்பைக் கீழே குறைந்த ஈர்ப்பு சரிக்கட்டிவிடும். பிற்காலத்தில் நிலநடுக்க அலைகளை வைத்துப் பார்த்தபோது இது உறுதியானது. தென்னிந்தியாவின் அடியில் மேலோடு 35 முதல் 40 கிலோமீட்டர்; திபெத்தின் அடியில் சுமார் 70.

மிதக்கிற பொருள் என்றால் சுமை இறக்கிய தோணி மேலே வருவதுபோல மலையும் வரும். மேலோட்டுப் பாறையின் அடர்த்தி 2.7, அடிப்பாறையின் அடர்த்தி 3.3 என்று வைத்துக்கொள்வோம். மலையின் மேலிருந்து 1,000 மீட்டர் பாறையைச் சீராக வழித்தெடுத்தால், அது 820 மீட்டர் போல மேலே எழும். மொத்தத்தில் மலை குறைவது 180 மீட்டர்தான். ஆறு மலையைச் சீராக வழிப்பதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அது பள்ளத்தாக்கை மட்டும் தோண்டும். உச்சியைத் தொடாமல் பள்ளத்தாக்குகளிலிருந்து மட்டும், சராசரியாக அதே 1,000 மீட்டர் அளவுக்குப் பாறை போய்விட்டால்? மலையின் சராசரி உயரம் 180 மீட்டர் குறையும். சிகரமோ 820 மீட்டர் உயரும். கணக்கில் ஏமாற்று எதுவும் இல்லை. மலை தேய்கிறது, சிகரம் வளர்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில். மேலோடு விறைப்பானது என்பதால் ஒற்றைப் பள்ளத்தாக்கின் பலன் பக்கத்து மலைகளுக்கெல்லாம் பங்கிடப்படும். நடைமுறையில் எண்கள் இவ்வளவு பெரிதாக வராது.

ஆல்ப்ஸ் மலையைப் பார்த்தால் இது வெறும் காகிதக் கணக்கு இல்லை என்று தெரியும். அதன் மேற்குப் பகுதியில் தட்டுகளின் நெருக்கம் ஏறக்குறைய நின்றேபோய்விட்டது. ஆனாலும் அங்கே நிலம் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் வரை உயர்கிறது. உருகிப்போன பனிப்பாளத்தின் எடையும், ஆறுகள் கொண்டுபோன பாறையின் எடையும் நீங்கியதற்கு இதில் கணிசமான பங்கு உண்டு.

எவரெஸ்டுக்கே இந்தக் கணக்கு உண்டு. அதன் வடக்குப் பக்கம் திபெத்தில் கிழக்கு நோக்கி ஓடும் அருண் ஆறு, பிறகு தெற்கே திரும்பி இமயத்தையே ஊடறுத்து நேபாளத்துக்குள் இறங்கி கோசியில் கலக்கிறது. சுமார் 89,000 ஆண்டுகளுக்கு முன் இந்த ஆறு வடக்கே இருந்த இன்னொரு ஆற்றின் நீரைக் கவர்ந்துகொண்டது என்றும், கூடிய நீரால் பள்ளத்தாக்கு ஆழமாகி, எடை குறைந்த பக்கத்து மலைகள் எழுந்தன என்றும், இதில் எவரெஸ்ட் பெற்றது 15 முதல் 50 மீட்டர் என்றும் 2024-ல் ஓர் ஆய்வு 'நேச்சர் ஜியோசயின்ஸ்' இதழில் வந்தது. இது கணினி மாதிரியின் மதிப்பீடு. அந்தத் தேதியை நான் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த 8,848.86 மீட்டரில் ஆற்றுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை மறுப்பது கடினம்.

பாறை எவ்வளவு வேகமாக மேலே வருகிறது என்று எப்படித்தான் தெரிகிறது? அப்படைட் என்ற கனிமத்தின் மணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். அதற்குள் யுரேனியம் கொஞ்சம் சிக்கியிருக்கும். அவ்வப்போது ஒரு யுரேனிய அணுக்கரு தானாகவே இரண்டாகப் பிளந்து, துண்டுகள் எதிரெதிர்த் திசையில் பாயும்போது படிகத்தைக் கீறிக்கொண்டு போகும். கீறலின் நீளம் 0.016 மில்லிமீட்டர் அளவு. பாறை சுமார் 110 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்வரை கீறல்கள் ஆறிவிடும். அதற்குக் கீழே குளிர்ந்த பிறகு விழுகிறவை அப்படியே நிற்கும். ஆய்வகத்தில் மணிகளைப் பிசினில் பதித்து, மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றி, நைட்ரிக் அமிலத்தில் சில வினாடி முக்கி எடுப்பார்கள். அமிலம் கீறலை அகலமாக்கும். நுண்ணோக்கியில் அவை கருப்பு மயிரிழைகளாகத் தெரியும். அவற்றை எண்ணவேண்டும். கண் வலிக்கிற வேலை. எண்ணிக்கையையும் யுரேனிய அளவையும் ஒப்பிட்டால், அந்தப் பாறை 110 டிகிரி ஆழத்தைக் கடந்து மேலே வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும். சாதாரண இடத்தில் அந்த வெப்பம் 3 முதல் 4 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும்.

இமயத்தின் நங்க பர்பத் மலையின் நடுப்பகுதியில் இந்தக் கடிகாரம் காட்டும் வயது 10 லட்சம் ஆண்டுக்கும் குறைவு. அதாவது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் பாறை மேலேறுகிறது. சூட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு வருவதால் அங்கே 110 டிகிரி கொஞ்சம் மேலேயே இருக்கும். கணக்கை அதற்கேற்பத் தளர்த்தவேண்டும். தளர்த்தினாலும் உலகின் வேகமான இடங்களில் ஒன்று அது. மலையின் உச்சி 8,126 மீட்டர். இருபது கிலோமீட்டர் சொச்சத் தொலைவில் சிந்து நதி 1,200 மீட்டர் உயரத்தில் பாய்கிறது. ராய்கோட் பாலத்துக்குப் பக்கத்தில் கைவைக்க முடியாத சுடுநீர் ஊற்றுகள். மலைக்குள் சுமார் 10 லட்சம் ஆண்டே வயதான கிரானைட் கிடைக்கிறது; கிரானைட்டுக்கு இது பச்சைக் குழந்தை வயது. சிந்து நதி மேலிருந்து பாறையை அள்ளிக்கொண்டே இருப்பதால், கீழிருக்கும் சூடான, நலிந்த பாறை எதிர்ப்புக் குறைந்த அந்த இடத்தைத் தேடிப் பிதுங்கி வருகிறது என்பது பீட்டர் ஸெய்ட்லரும் கூட்டாளிகளும் 2001-ல் தந்த விளக்கம். அங்கே ஆறு, தட்டுகளின் தள்ளல் எந்த இடத்தில் வெளிப்பட வேண்டும் என்பதையே தீர்மானிக்கிறது.

அப்படியானால் சிகரங்கள் ஏறிக்கொண்டே போகுமா? போகாது. சரிவு ஓர் அளவுக்கு மேல் செங்குத்தானால் பாறை தன் எடையைத் தானே தாங்காது. 1190-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்னபூர்ணா நான்காம் சிகரத்தில் 20 கன கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறை ஒரே சரிவாகக் கீழே வந்தது என்று 2023-ல் ஜெரோம் லாவேயும் குழுவினரும் காட்டினார்கள். அதற்கு முன் அந்த உச்சி 8,000 மீட்டரைத் தாண்டியிருக்கக்கூடும் என்பது அவர்கள் ஊகம். இன்று அது 7,525 மீட்டர். உலகின் எட்டாயிரத்தார் பட்டியலிலிருந்து ஒரு பெயர் ஒரே நாளில் அடிபட்டுப்போயிருக்கலாம். 2021 பிப்ரவரியில் உத்தராகண்டின் சமோலியில் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் விழுந்து, இரண்டு நீர்மின் திட்டங்களைச் சிதைத்து, 200-க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. மலையின் கணக்கில் அது சிறு உதிர்வு. அந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்டுகிறவர்கள் போடவேண்டிய கணக்கு வேறு.

இப்படி உதிர்ந்ததெல்லாம் எங்கே போகிறது? கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு 100 கோடி டன் அளவில் மண்ணைச் சுமந்துபோய் வங்கக் கடலில் கொட்டுகின்றன. கடலடியில் அது விசிறிபோல் விரிந்து, தமிழகக் கரைக்கும் இலங்கைக்கும் கிழக்காக, நிலநடுக்கோட்டைத் தாண்டியும் போகிறது. நீளம் 3,000 கிலோமீட்டர். வங்கதேசக் கரையருகே அதன் தடிமன் 16 கிலோமீட்டரைத் தாண்டும். எவரெஸ்ட் ஒன்றரை மடங்காக நின்றாலும் அதற்குள் புதைந்துபோகும்.

மோல்னாரின் கேள்விக்கு இந்தச் சேற்றில் விடை தேடலாம் என்று நினைத்தவர்கள் 2015-ன் தொடக்கத்தில் 'ஜாய்டஸ் ரிசொல்யூஷன்' கப்பலில் போனார்கள். வடக்கு 8 பாகை அட்சரேகையில், அதாவது கன்னியாகுமரிக்கு நேர்கிழக்கே இலங்கையையும் தாண்டிய ஆழ்கடலில், ஏழு இடங்களில் துளையிட்டு இமயத்து மணலை வெளியே எடுத்தார்கள். அந்தக் குவார்ட்ஸ் மணலில் பெரிலியம்-10 இருக்கிறது. விண்வெளிக் கதிர்கள் பட்டு, தரையின் மேல் ஓரிரு மீட்டருக்குள் மட்டும் உண்டாகும் பொருள் அது. மலைச்சரிவு மெதுவாகத் தேய்ந்தால் மணல் நெடுநேரம் கதிரில் காய்ந்திருக்கும், பெரிலியம் அதிகம் இருக்கும். வேகமாகத் தேய்ந்தால் குறைவாக இருக்கும். 2020-ல் செபாஸ்டியன் லெனார் குழுவினர் முடிவை வெளியிட்டார்கள். கடைசி 60 லட்சம் ஆண்டுகளில் இமயத்தின் தேய்மான வேகம் குறிப்பிடும்படி மாறவில்லை. பனியூழிக் காலம் வந்தபோதும் அது கூடவில்லை.

மோல்னாருக்கு இது பாதித் தோல்வி, பாதி வெற்றி என்பேன். பருவநிலை மாறியதும் அரிப்பு எகிறியது என்ற பகுதி இமயத்தில் நிற்கவில்லை. கடைசி 20 முதல் 40 லட்சம் ஆண்டுகளில் உலகெங்கும் வண்டல் கூடிற்று என்று 2001-ல் அவரும் சேர்ந்து காட்டிய புள்ளிவிவரத்துக்கும் எதிர்வாதம் உண்டு. பழைய வண்டலில் ஒரு பகுதி தானே அரித்துப் போய்விடுவதால் புதியது எப்போதும் அதிகமாகத்தான் தெரியும் என்கிறார்கள். ஆனால் உலக மலைகள் எல்லாம் அண்மையில் சேர்ந்து எழுந்தன என்ற எண்ணத்தை அவர் சந்தேகித்தது சரியாகவே இருக்கிறது. இமயம் 60 லட்சம் ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே வேகத்தில் உதிர்கிறது என்றால், அதற்கு ஈடுகொடுத்து அடியிலிருந்து பாறை வருவதும் அவ்வளவு காலமாக நடக்கிறது. பனியாறுகளே முழுக்கச் செதுக்கிய ஆல்ப்ஸ், படகோனியா போன்ற மலைகளிலும் இதே சீர் இருக்குமா என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை; 2013-ல் வேகம் கூடியதாக ஒரு குழு காட்டியது, 2018-ல் இன்னொரு குழு அதே தரவை எடுத்து அப்படிச் சொல்ல இடமில்லை என்றது.